பானுவின் மாடிப் பறவைகள்

முத்தாபுதுப்பேட்டை
மார்ச் 9

அன்பு மகன் பூபாலனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் என் வேலையை நானே செய்துகொள்ளும் அளவுக்கு இருக்கிறேன், அங்கே நீயும் கிருஷ்ணப்பிரியாவும் பேரன் எழிலும் எந்தக் குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ காரை ஓட்டிக்கொண்டே பேசுகிறாய், நான் ஒன்று சொல்ல வாயெடுப்பதற்குள் உனக்கு ஆபீஸ் வந்துவிடுகிறது, வீட்டிலிருந்து பேசினால் ஸ்பீக்கரில் மருமகளும் கேட்கிறாள். இது நீ தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, சர்க்கரை போன மாதத்தைவிடக் குறைவு. போர் மோட்டார் பழுதாகி இரண்டு நாள் எதிர்வீட்டு லோகநாயகி வீட்டிலிருந்து குடம் தூக்கினேன், இப்போது சரியாகிவிட்டது. அப்பாவோடு பாக்டரியில் வேலை பார்த்த ஜேம்ஸ் சார் மகளுக்குப் பட்டாபிராமில் கல்யாணம் நடந்தது, நான் மட்டும் போய் வந்தேன். பானு வரவில்லையா என்று எல்லாரும் கேட்டார்கள். நீயும் இரண்டு மாதமாக அதைத்தான் கேட்கிறாய், உன் தங்கை ஏன் போனை எடுப்பதில்லை, குடும்ப குரூப்பை விட்டு ஏன் போனாள் என்று. வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டு இருந்தேன். அது பொய். அவள் இந்த வீட்டில் இல்லை. ஜனவரியில், குடியரசு தினத்துக்கு முந்தின சனிக்கிழமை, பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் செய்த காரியத்தால் போனாள். அதில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, என்னுடையது அதைவிடப் பெரிது, இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

அவள் மாடியில் வளர்த்த பறவைகளை நீ போனில்தான் பார்த்திருக்கிறாய். அப்பா காரியத்துக்கு வந்துவிட்டுப் போனவன், ஆறு வருஷம் ஆகிறது. அந்த வருஷம்தான் அவளோடு கம்பெனியில் வேலை செய்யும் சபீனா ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் கொடுத்தாள். கல்யாணமான பதினோராவது மாதம் திரும்பி வந்தவள், அப்பாவைப் படுக்கையில் வைத்துக் கடைசிவரை பார்த்தவள், அம்பத்தூர் எஸ்டேட்டையும் இந்த வீட்டையும் தவிர வேறு ஒன்றும் இல்லாமல் இருந்தவள், அந்த ஒரு ஜோடியிலிருந்து ஆரம்பித்தாள். நான்கே வருஷத்தில் மாடியில் துணி காயப்போடும் பக்கம் முழுக்கக் கம்பி வலை அடித்து, மேலே ஷீட் போட்டு, ஆள் உள்ளே போய் நிமிர்ந்து நிற்கிற மாதிரி கூண்டு கட்டிவிட்டாள். காலை ஷிப்ட் முடிந்து மூன்றேகாலுக்கு வருவாள், கைகால் கழுவி, டீயை எடுத்துக்கொண்டு மேலே போய்க் கவிழ்த்து வைத்த பெயிண்ட் பக்கெட்டில் உட்கார்ந்தால் வெளிச்சம் போகும்வரை இறங்க மாட்டாள். அந்த நேரத்தில்தான் வெயில் சாய்ந்து வலைக்குள் வரும். தாம்பாளத்தில் தண்ணீர் வைத்தால் மஞ்சளும் பச்சையும் நீலமுமாக லவ் பேர்ட்ஸ் வரிசை கட்டிக் குளிக்கும், ஒன்று குளித்து முடிப்பதற்குள் அடுத்தது பொறுக்காமல் அதன் வாலைக் கொத்தி இழுக்கும். கொண்டை வைத்த காக்டெயில் கிளி ஒன்று, கன்னத்தில் யாரோ விரலால் ஆரஞ்சு அப்பியது போல இருக்கும், இறக்கையை லேசாகத் தூக்கிக்கொண்டு தன் ஜோடிக்கு முன்னால் விசிலடித்தபடி நடக்கும், அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காது. கட்டை விரல் அளவில் ஃபின்ச்சஸ் என்கிற குருவிகள் நான்கு இருந்தன, நெஞ்சு ஊதா, வயிறு மஞ்சள், முதுகு பச்சை, முகம் சிவப்பு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கலர் பெட்டி வாங்கிக் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தீட்டுமே, அந்த மாதிரி. இதெல்லாம் அண்ணன் இருக்குற நாட்டுப் பறவைம்மா, அங்க வெளியில சும்மா பறக்குமாம் என்று பானு சொல்வாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு மாடியில் மட்டும்தான் வரும், கீழே என் எதிரில் வராது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கிளி இருந்தது, சன் கனூர் என்பார்கள், அது மட்டும் வேறு நாட்டுப் பறவை. இறகு முளைக்காத குஞ்சாக வாங்கி வந்து சிரிஞ்சில் கஞ்சி ஊட்டி வளர்த்தாள். வளர வளர உடம்பு மஞ்சளாகி, நெஞ்சும் முகமும் ஆரஞ்சாகப் பழுத்து, இறக்கை நுனியில் மட்டும் பச்சை நின்றது. மாம்பழம் என்று பேர் வைத்தாள். தெருவில் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டோ என்னவோ அதற்கு ஒரே ஒரு வார்த்தை வரும், மாடிப்படியில் யார் காலடி கேட்டாலும் கரகரத்த குரலில் இன்னா என்று கேட்கும். ஆளைப் பார்த்தால் பறந்து வந்து தோளில் உட்காரும், பயமே தெரியாது. உனக்கு ஒரு உண்மை சொல்கிறேன், பானுவுக்குக்கூடத் தெரியாது. அவள் வேலைக்குப் போன பிறகு நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் உலை வைத்துவிட்டுத் துணி எடுக்க மேலே போனவள், அந்த ஃபின்ச்சஸ் தேங்காய் நாரை ஒவ்வொன்றாகக் கவ்விப் பானைக்குள் கொண்டுபோய்க் கூடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், சோறு அடிப்பிடித்துத் தெருவெல்லாம் நாறியது. அத்தனை அழகு. அழகு தெரியாமல் செய்தேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு அதுகள் மேல் கோபம் வேறு விதத்தில் இருந்தது. போன ஆவணியில் பூந்தமல்லியிலிருந்து ஒரு வரன் வந்தது, மனைவியை இழந்தவர், நல்ல வேலை, பானுவை அவருக்குப் பிடித்துப்போனது. மாடிக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினாள். அவர் இறங்கி வந்து, கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் வேணாங்க, நமக்கு டைம் இருக்காது என்று தன்மையாகத்தான் சொன்னார். அவர்கள் தெரு முனை தாண்டுவதற்குள் பானு எனக்கு வேணாம்மா என்றாள். முப்பத்தேழு வயதில் ஒரு நல்ல இடத்தைக் குருவிக்காகத் தள்ளுகிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் அடங்குவதற்குள் நவம்பரில் நீ போன் செய்தாய். பொங்கலுக்கு மூன்று பேரும் வருகிறோம் என்றாய், நான் சமையலறையில் நின்றபடியே அழுதேன். அதோடு சேர்த்து, எழிலுக்கு வீசிங் இருக்கு, இறகு தூசி ஒத்துக்காது, வீட்ல பறவை எதுவும் இருக்கக் கூடாது, இல்லன்னா நாங்க ஓட்டல்லதான் தங்கணும் என்றும் சொன்னாய். பானு பக்கத்தில்தான் இருந்தாள். ஒரு மாசம்தானே அண்ணா, சபீனா வீட்டு மாடில கொண்டுபோய் வச்சிக்கிறேன், நீங்க கெளம்புனதும் எடுத்தாந்துக்கிறேன் என்று முகம் சுளிக்காமல் சொன்னாள். டிசம்பர் பதினாலு ஞாயிற்றுக்கிழமை பாரிவாக்கத்தில் இருக்கும் சபீனா வீட்டுக்கு வண்டி வைத்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. சின்னச் சின்னக் கூண்டுகள்கூட வாங்கி அடுக்கிவிட்டாள். அப்படியே விட்டிருந்தால் எல்லாம் சரியாக முடிந்திருக்கும். ஆனால் நீங்கள் போனதும் எடுத்து வந்துவிடுவேன் என்றாளே, அந்த வார்த்தை என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. இது ஒழிய வேண்டும், ஒரேயடியாக ஒழிந்தால்தான் இவள் மனுஷர்கள் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன். எழிலுடைய மூச்சு எனக்கு நல்ல சாக்காகக் கிடைத்தது.

வியாழக்கிழமை, பதினோராம் தேதி, காலை பத்து மணிக்கு மாடிக்குப் போய்க் கூண்டுக் கதவைத் திறந்தேன். திறந்துவிட்டால் பறந்து போய்விடும், கீழே வந்து சாம்பார் வைக்கலாம் என்று நினைத்தேன். ஒன்றுகூட வெளியே வரவில்லை. மாம்பழம் இன்னா என்றது. கூண்டில் பொரித்து, கூண்டில் வளர்ந்ததுகள், கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அதுகளுக்குத் தெரியாது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மூலைக்கு மூலை மோதிக்கொண்டு, வலையில் தொத்திக்கொண்டு, இறகு பறக்க ஒவ்வொன்றாக வெளியே தள்ளினேன். வெளியே போனது மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி கதவு வழியாக உள்ளேயே வந்தது. எதிர் மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த லோகநாயகி பார்த்துவிட்டு, இன்னாக்கா தொடப்பத்த எடுத்துகினு தொரத்துறே, அதுங்க போவ மாட்டேங்குது பாரு, உள்ளயே பூந்துகினு கீது என்றாள். பானுதான் விடச் சொன்னாள் என்று நான் சொன்னேன். பானுவா சொல்லிச்சு என்று ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள், பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். எல்லாவற்றையும் வெளியே ஓட்டிவிட்டு, மறுபடி உள்ளே வராதபடி கூண்டு வாசலை மறித்து நின்றேன். மாம்பழம் வந்து என் தோளில் உட்கார்ந்தது. பிடித்துச் சுவருக்கு வெளியே எறிந்தேன். ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி தோளுக்கு வந்தது, விளையாடுகிறேன் என்று நினைத்ததோ என்னவோ. இன்னொரு தடவை எறிந்தேன், அப்போதும் வந்தது. மூன்றாம் தடவை பலமாக வீசினேன்.

அதற்குள் காக்காய்கள் வந்துவிட்டிருந்தன. முதலில் கரண்ட் கம்பியில் இரண்டுதான் இருந்தன, அவை கத்திய கத்தலில் ஏரிப் பக்கமிருந்து கூட்டமாக வந்தன. அந்தக் கலர்தான் காட்டிக் கொடுத்தது, சாம்பல் நிறத் தெருவில், பச்சை வேப்பமரத்தில், எங்கே போய் ஒளிந்தாலும் மஞ்சளும் ஊதாவும் தெரிந்தது. ஓடத் தெரியாது, ஒளியத் தெரியாது, இரண்டு காக்காய் இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமுமாக வந்தால் எதைப் பார்ப்பது என்றும் தெரியாது. மாம்பழத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான்கு சேர்ந்து பிடித்தன. நான் கீழே இறங்கி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பூபாலா, பறந்து பிழைத்துப் போகும் என்று நினைத்தேன் என்று பிறகு பானுவிடம் சொன்னேன். உன்னிடம் அதைச் சொல்ல மாட்டேன். போன வருஷம் தீனி வைக்கும்போது ஒரு காக்டெயில் தப்பி வெளியே வந்து, பத்தே நிமிஷத்தில் காக்காய் அதை என் கண் எதிரிலேயே கிழித்துப் போட்டது, பானு மூன்று நாள் சாப்பிடவில்லை. கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் திறந்தேன்.

மூன்றேகாலுக்கு அவள் வந்தாள். நான் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். படியேறும்போது எப்போதும் போல விசிலடித்துக்கொண்டு போனாள், பிறகு சத்தம் இல்லை. இறங்கி வந்து, அம்மா கூண்டுக் கதவு தெறந்து கெடக்கு, ஒண்ணும் இல்ல என்றாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு. விடியக்காலையில அவசரத்துல தீனி வச்சிட்டுத் தாழ்ப்பாள் போடாம போயிட்டியோ என்னவோ என்றேன். அவள் அப்படியே நின்றாள். போட்டேன்னுதாம்மா நெனச்சேன் என்று மெதுவாகச் சொன்னாள், தனக்கே சொல்லிக்கொள்வது போல. கம்பெனி யூனிபாரம், காலில் கம்பெனி ஷூ, அப்படியே தெருவுக்கு ஓடினாள். லோகநாயகி வீட்டுக்காரர் தங்கவேல் தன் டிவிஎஸ்ஸில் அவளை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். அவள் பின்னால் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டே போனதாகப் பிறகு அவர் சொன்னார். காலையில் மாடியில் பார்த்ததை லோகநாயகி அவரிடமும் பானுவிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள், தாய்க்கும் மகளுக்கும் நடுவில் வர அவளுக்குப் பயம். ஏழு மணிக்கு ஒரு அட்டைப் பெட்டியோடு திரும்பி வந்தாள். அதில் எத்தனை இருந்தன, எந்த நிலையில் இருந்தன என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உயிரோடு எதுவும் இல்லை. மாம்பழத்தப் பாத்தியாம்மா, உன்கிட்ட வந்துச்சா என்று கேட்டாள். நான் தூங்கிட்டேன் என்று சொல்லிவிட்டு அவளுக்கு உப்புமா எடுத்து வைத்தேன். என் தப்புதாம்மா, நான்தான் கொன்னுட்டேன் என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அப்படி இல்லை என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு மஞ்சள் லவ் பேர்ட்ஸ் எங்கிருந்தோ வந்து நம் வீட்டு முன்னால் கம்பியில் உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை, பானு உள்ளேதான் படுத்திருந்தாள், ஒரு குரல் கொடுத்தால் போதும். பார்த்தால் மறுபடி தேட ஆரம்பிப்பாள் என்று ஜன்னலைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது கம்பியில் எதுவும் இல்லை.

அதற்கப்புறம் அவள் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தாள். வேலைக்குக் கிளம்பும்போது கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பாள், கேட் கொக்கி போட்டிருக்கிறதா என்று பார்ப்பாள், தெரு முனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி பார்ப்பாள். சில நாள் கம்பெனி பஸ்ஸிலிருந்தே இறங்கி வந்துவிடுவாள். ஒரு மாதத்தில் ஏழு நாள் தாமதம் என்று கம்பெனியில் விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். அம்மா நான் தாழ்ப்பாள் போட்டேன்தானே, நீ பாத்தேதானே என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவாள். பார்த்தேன் போ என்பேன். பெற்ற பிள்ளை தன் கையையே நம்பாமல் ஆவதை முப்பத்தைந்து நாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன், நீங்கள் வந்ததும் வீட்டில் சிரிப்புச் சத்தம் வந்துவிடும், அவளும் மறந்துவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நீ கூப்பிட்டாய். கிருஷ்ணப்பிரியாவின் அப்பா அம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது, அவர்கள் பிரிஸ்பேனுக்கு வருகிறார்கள், அதனால் நீங்கள் அடுத்த வருஷம் வருவதாகச் சொன்னாய். சரிப்பா, சம்பந்தி வர்றது சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பானு போய், காலியாக அடுக்கி வைத்திருந்த சின்னக் கூண்டுகளை எடுத்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு வந்தாள்.

பொங்கலன்று காலையில் குரூப்பில் நீ ஒரு வீடியோ போட்டாய். உனக்கு அது ஞாபகம்கூட இருக்காது. உன் வீட்டுப் பின்பக்கம் எழில் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், தலை நீலம், நெஞ்சு ஆரஞ்சு, முதுகு பச்சையாகக் கிளிகள் பத்துப் பன்னிரண்டு அவன் கையிலும் தோளிலும் தலையிலும் உட்கார்ந்து தின்கின்றன, ஒன்று அவன் காதைக் கடிக்கிறது, குழந்தை உடம்பு குலுங்கச் சிரிக்கிறான். பின்னால் சம்பந்தியம்மா சிரிக்கிற சத்தமும் கேட்கிறது. தினமும் வருதுங்க, இவனுக்கு இதுங்கள பார்த்தாத்தான் சாப்பாடே எறங்குது என்று நீ சொல்கிறாய். பானு அதை மூன்று தடவை பார்த்தாள். எழிலுக்கு இறகு ஒத்துக்காதுன்னு சொன்னியே அண்ணா என்று அதிலேயே எழுதினாள். வீட்டுக்குள்ளதான் பிரச்சனை, வெளியில ஓகே என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாய். நம் மாடிக்குக் கூரையா இருக்கிறது பூபாலா. எனக்கு அப்போது வந்த ஆத்திரம் உன் மேலா, அந்தச் சிரிப்புச் சத்தத்தின் மேலா, என் மேலா தெரியாது. வாயை விட்டு வந்துவிட்டது. இதுக்கா நான் அதுங்கள அடிச்சித் தொரத்தி காக்காய்க்குப் போட்டேன் என்று கத்திவிட்டேன்.

அவள் போனை மேஜை மேல் வைத்தாள். பொங்கல் பானை அடுப்பில் இருந்தது, அதை இறக்கி வைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். தாழ்ப்பாள் நான் போட்டிருந்தேனா என்று கேட்டாள். போட்டிருந்தே என்றேன். மாம்பழம் உன் தோள்ல வந்து உக்காந்துச்சா என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம் என்றாள். தூக்கி எறிஞ்சேன் என்றேன். எத்தன தடவ என்றாள். மூணு என்றேன். அது இன்னான்னு கேட்டுச்சா என்றாள். கத்துவாள், எதையாவது எடுத்து உடைப்பாள் என்று காத்திருந்தேன், அப்படிச் செய்திருந்தால் நான் காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருப்பேன். எழுந்து போய்ச் சாமிக்குப் படைத்து, எனக்கு இலை போட்டாள். அடுத்த ஒன்பது நாளும், கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் ஒப்படைப்பார்களே, அந்த மாதிரி வீட்டை எனக்கு ஒப்படைத்தாள். மாத்திரைப் பெட்டியில் காலை, மதியம், ராத்திரி என்று எழுதி ஒட்டினாள். கேஸ் புக் செய்யும் நம்பர், கரண்ட் ஆபீஸ் நம்பர், சர்க்கரை டாக்டர் நம்பர் எல்லாம் ஃபிரிட்ஜில் ஒட்டினாள். லோகநாயகியின் மருமகள் லாவண்யாவைக் கூப்பிட்டு, இன்சுலின் ஊசி போடுவதைக் கற்றுக்கொடுத்தாள். மாடிக் கூண்டைப் பிரித்து எடுத்துவிட்டுச் சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளுக்குக்கூடச் சிமெண்ட் பூசினாள். சனிக்கிழமை காலையில் சபீனா வண்டியோடு வந்தாள், போய்விட்டாள்.

நீ போனில் சொல்வது போல நாளானால் சரியாகிவிடும் என்று நானும் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, முட்டி வலியோடு பூந்தமல்லிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பாரிவாக்கம் போனேன். சபீனா வீட்டு மாடி போர்ஷனில்தான் இருக்கிறாள். வெளியிலேயே பறவைச் சத்தம் கேட்டது. சபீனாவின் மகள், பத்து வயசுப் பெண், வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, பானு ஆன்ட்டி யாரோ வந்திருக்காங்க, யாரு இவங்க என்று கேட்டது. பானு எட்டிப் பார்த்தாள். முத்தாபுதுப்பேட்டைல நான் குடியிருந்த வீட்டோட ஓனர்ம்மா என்றாள். எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னாள். வாங்க, உக்காருங்க, பஸ் கிடைச்சுதா என்று என்னைக் கேட்டாள். பிறந்ததிலிருந்து என்னை நீ வா போ என்று பேசியவள். டீ போட்டுக் கொண்டுவந்து, உங்களுக்குச் சக்கரை போடலைங்க என்றாள். பிறகு, வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்குக் காட்டுவது போலச் சபீனாவின் பறவைகளை எனக்குக் காட்டினாள். இது இப்பதான் முட்ட வச்சிருக்கு, இது ஜோடி சேர மாட்டேங்குது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, புது ஆளப் பார்த்தா பயந்துக்கும் என்றாள். அந்தச் சிவப்பையும் மஞ்சளையும் பார்க்கும்போது அவள் முகத்தில் அதே சிரிப்பு வந்தது, என் பக்கம் திரும்பியதும் அது மரியாதையாக மாறியது. எனக்குத் தாங்கவில்லை. பானு, என்ன வேணா திட்டு, என்னை நீன்னு கூப்புடுடி என்று அவள் கையைப் பிடித்தேன். கையை உதறவில்லை, நான் விடும்வரை அப்படியே வைத்திருந்தாள். பெரியவங்கள அப்படியெல்லாம் பேசக் கூடாதுங்க என்றாள். கிளம்பும்போது கூடவே வந்து ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அண்ணா இவங்களுக்கு முட்டி வலி, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல பாத்து எறக்கி விடுங்க என்று டிரைவரிடம் சொன்னாள். ஆட்டோ திரும்பும்வரை நின்றாள். யாருக்கும் அப்படித்தான் நிற்பாள்.

அவளுக்குப் புதுப் பறவை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நீ நினைத்தால், வேண்டாம். போன் செய்து எனக்காகப் பேசாதே. எழிலுக்கு உண்மையிலேயே வீசிங் இருக்கிறதா, அல்லது மருமகளுக்கு மாமியார் வீட்டில் தங்கப் பிடிக்காமல் சொன்ன காரணமா என்று நான் கேட்கப் போவதில்லை, நீயும் அதற்குப் பதில் எழுதாதே. எது உண்மையானாலும் துடைப்பத்தை எடுத்தது என் கை. இதைப் படித்து உன் மனசு வலிக்கும் என்று தெரிந்தே எழுதினேன், ஒருத்தியாக இதை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. குழந்தை அந்தக் கிளிகளைப் பார்க்கட்டும், தினமும் பார்க்கட்டும், தட்டைப் பிடிக்கும்போது கண்ணுக்குக் கிட்டே வராமல் மட்டும் நீ பக்கத்தில் நில். உன் பிரஷர் மாத்திரையை விடுமுறை நாளில் விட்டுவிடுகிறாயாம், மருமகள் சொன்னாள், அப்படிச் செய்யாதே. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் முகம் ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொள்கிறேன். கவர் மேல் விலாசத்தை இங்கிலீஷில் லாவண்யா எழுதிக் கொடுத்தாள். உனக்குப் பொடியும் ஊறுகாயும் பார்சல் அனுப்பும்போதெல்லாம் உள்ளே வைக்கிற சீட்டில் அம்மா, பானு என்று இரண்டு பேரையும் சேர்த்துப் போடுவேன். இதில் ஒரு பேர்தான் போட முடிகிறது.

உன்னைப் பெற்றவள்,
மங்களம் நடேசன்